முதல் சமையலாக பார்பிக்யூ ரிப்ஸ்: ஓவனில் செய்யும் முறை

சமையல் பழக நினைப்பவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு ரசம், ஒரு பொரியல், அப்புறம் குழம்பு. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தாளிக்கும்போது கடுகு வெடிப்பதற்கும் பெருங்காயம் கருகுவதற்கும் நடுவே சில நொடிகள்தான் இருக்கின்றன. ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ஃபோனுமாக நிற்கும் புதியவருக்கு அது போதாது. ஓவனில் மெதுவாக வேகும் இறைச்சி இப்படி அவசரப்படுத்தாது. பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. மிதமான சூடும் நேரமும் சேர்ந்து வேலையை முடித்துவிடும். நாம் அடிக்கடி கதவைத் திறந்து குறுக்கே போகாமல் இருந்தால் சரி.

அதனால்தான் படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா வந்து, வாடகை வீட்டில் இருக்கும் பெரிய ஓவனுக்குள் கடாயையும் தோசைக்கல்லையும் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பன்றி விலா எலும்பு, அதாவது பார்பிக்யூ ரிப்ஸ். நாம் செய்யவேண்டிய வேலை முக்கால் மணி நேரம்கூட இருக்காது. மீதி மூன்று மணி நேரத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும்.

டெக்சாஸ்காரரிடமோ மெம்ஃபிஸ்காரரிடமோ இதைக் கொடுத்து பார்பிக்யூ என்று சொல்லிவிடாதீர்கள், முகம் சுளிப்பார். அவர்கள் கணக்கில் ஹிக்கரி, ஓக் போன்ற கட்டைகளின் புகையில் மணிக்கணக்காகக் கிடந்தால்தான் அது பார்பிக்யூ. ஓவனில் புகை கிடையாது. வெட்டினால் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் வராது. எரியும் கட்டையிலிருந்து வரும் வாயுக்கள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் உண்டாகிற வளையம் அது. ஆனால் மென்மையையும் மேலே ஒட்டும் காரமான தித்திப்பையும் ஓவனில் நன்றாகவே கொண்டுவந்துவிடலாம்.

அமெரிக்காவில் இந்தச் சமையலை வளர்த்ததில் கறுப்பினச் சமையல்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கன்சாஸ் சிட்டியில் 1908 வாக்கில் ஹென்றி பெரி என்பவர் புகையில் வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்றார். அந்த ஊர் பார்பிக்யூவின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை எடுத்து நடத்த, அவருக்குப் பிறகு சகோதரர் ஆர்தர் பிரையன்ட் கைக்கு வந்து அந்தப் பெயரிலேயே நிலைத்துவிட்டது. மெம்ஃபிஸில் சாஸ் இல்லாமல் மசாலாப் பொடி மட்டும் தூவித் தருவது பேர்போனது. 1948இல் சார்லி வெர்கோஸ் தொடங்கிய ரான்டேவூ உணவகம்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. தென் கரோலினாவில் கடுகு சாஸ், வட அலபாமாவில் மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளை சாஸ். பல்பொருள் அங்காடியில் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்கும் கெட்டியான, தித்திப்பான, தக்காளியும் மொலாசஸும் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருமையான பாகு) கலந்த சாஸ் கன்சாஸ் சிட்டி பாணி. நாம் செய்யப்போவதும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான். சாஸ் மேலே லேசாகக் கருகி ஒட்டும்போது புகை இல்லாத குறை பாதி மறைந்துவிடும்.

கடையில் எதை எடுப்பது

இறைச்சிப் பகுதியில் மூன்று பெயர்களைப் பார்ப்பீர்கள். பேபி பேக் ரிப்ஸ் முதுகெலும்பை ஒட்டிய பக்கத்திலிருந்து வருவது. எலும்பு குட்டையாக, வளைந்து இருக்கும். கொழுப்பு குறைவு, விலை அதிகம், சீக்கிரம் வேகும். பெயரைப் பார்த்துப் பன்றிக்குட்டி என்று நினைத்துவிட வேண்டாம், அளவில் சிறியது என்பதால் வந்த பெயர். ஸ்பேர் ரிப்ஸ் வயிற்றுப் பக்கம். எலும்பு நீளமாக, தட்டையாக இருக்கும். கொழுப்பும் சுவையும் அதிகம். இந்த ஸ்பேர் ரிப்ஸிலிருந்து குருத்தெலும்பு உள்ள ஓரத்தை வெட்டி, நீள்சதுரமாகச் சீர்செய்து விற்பது செயின்ட் லூயிஸ் கட்.

புதியவர்களுக்கு செயின்ட் லூயிஸ் கட்டைத்தான் சொல்வேன். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்பதால் ஒரு ஓரம் காய்ந்து மறு ஓரம் வேகாமல் நிற்கும் தொல்லை இல்லை. கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் வறண்டுபோகாது. ஒரு பாளம், அதாவது எலும்புகள் வரிசையாகச் சேர்ந்த முழுத் துண்டு, இரண்டரையிலிருந்து மூன்று பவுண்டு, அதாவது 1.1 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். பாதிக்குப் பாதி எலும்பு போலத் தெரியும் என்பதால் எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். நன்றாகச் சாப்பிடுபவர் என்றால் ஒரு பாளம் இரண்டு பேருக்கு, கூட வேறு பதார்த்தம் இருந்தால் மூன்று பேருக்கு.

பாளத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சதைப் பக்கத்தில் எலும்பு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் வெட்டும்போது சதையை அதிகம் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வைத்துவிட்டு வேறு எடுங்கள். உறையில் பொடி எழுத்தில் உப்புக் கரைசல் 12 சதவீதம் வரை சேர்த்தது என்கிற மாதிரி அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எடை கூடவும் ஈரம் தங்கவும் உப்புத் தண்ணீரை ஏற்றி விற்பது வழக்கம். முடிந்தால் அது இல்லாததை வாங்குங்கள். வேறு வழியில்லை என்றால், கீழே சொல்லும் உப்பில் பாதி போதும்.

உறைந்த பாளம் வாங்கினால் முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு ஆபீஸ் போவது வேண்டாம். சமைக்காத இறைச்சி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

இறைச்சி தவிர வாங்கவேண்டிய சாமான் அதிகம் இல்லை. விளிம்பு உயர்ந்த அலுமினிய பேக்கிங் ட்ரே ஒன்று (18க்கு 13 அங்குலம் என்று விற்பது), அகலமான கனத்த ஃபாயில், இடுக்கி, சாஸ் தடவ ஒரு பிரஷ். பிரஷ் இல்லாவிட்டால் ஸ்பூனின் பின்பக்கமே போதும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் ரிப்ஸுக்கு மட்டுமல்ல, கோழிக்கும் கைகொடுக்கும். கண்ணாடி பேக்கிங் பாத்திரத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். கடைசியில் மேல்சூட்டில் வைக்கப்போகிறோம். கண்ணாடி வெடித்துச் சிதறலாம்.

கழுவுவதா, வேண்டாமா

நம் வீடுகளில் கறியை மஞ்சள் போட்டு நாலு முறை அலசாமல் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். இங்கே அமெரிக்க வேளாண் துறை கழுவவே வேண்டாம் என்கிறது. குழாயடியில் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சிங்க், மேடை, பக்கத்தில் காயும் டம்ளர் என்று பரவும். இறைச்சியில் இருக்கும் கிருமியை எப்படியும் ஓவன் சூடு கொன்றுவிடும். எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படுகிறது. வெட்டின இடத்தில் எலும்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் பேப்பர் டவலால் துடைத்தால் வந்துவிடும். மனசு கேட்காமல் கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் மெதுவாக விழும் தண்ணீரில் கழுவிவிட்டு சிங்கை உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். எது செய்தாலும் பாளத்தை இரு பக்கமும் பேப்பர் டவலால் ஈரம் போக ஒற்றி எடுப்பது முக்கியம். ஈரத்தின்மேல் மசாலா பிடிக்காது, வழிந்து ட்ரேயில் தேங்கும்.

சவ்வை உரிப்பது

இந்தச் சமையலில் கைப்பழக்கம் வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பாளத்தின் எலும்புப் பக்கத்தை மேலே திருப்பி வையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எலும்புகளின்மேல் மெல்லிய, பளபளப்பான தோல் போல ஒன்று இழுத்துக் கட்டியிருப்பது தெரியும். அதுதான் சவ்வு. எத்தனை மணி நேரம் வெந்தாலும் அது இளகாது, கடிக்கும்போது ரப்பர் மாதிரி இழுபடும். மசாலாவையும் அந்தப் பக்கம் உள்ளே விடாது.

ஓரத்திலிருந்து ஆரம்பிக்காமல் இரண்டாவது அல்லது மூன்றாவது எலும்பின் மேல் ஆரம்பியுங்கள். வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியையோ ஸ்பூனின் காம்பையோ எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே, எலும்பை உரசிக்கொண்டே நுழையுங்கள். கூரான கத்தி வேண்டாம், சவ்வைக் கிழித்துவிடும். நுனி உள்ளே போனதும் மெதுவாக நெம்பினால் சவ்வு ஒரு சின்னக் கூடாரம்போல் எழும்பும். அந்த இடைவெளியில் விரலை விட்டு அகலப்படுத்துங்கள். இப்போது கை வழுக்கும். ஒரு துண்டு பேப்பர் டவலை எடுத்து, அதோடு சேர்த்துச் சவ்வை இறுகப் பிடித்து, பாளத்தை மறு கையால் அழுத்திக்கொண்டு ஒரே திசையில் இழுங்கள். நல்ல நாளாக இருந்தால் சர்ரென்று முழுதாக வந்துவிடும். பாதியில் அறுந்தால் அறுந்த இடத்தில் மறுபடி கத்தி நுனியை விட்டுத் தொடருங்கள். எவ்வளவு பார்த்தும் கத்தி நுழையவில்லை என்றால், கடைக்காரரே உரித்துவிட்டிருக்கவும் கூடும்; சில கடைகளில் அப்படி விற்கிறார்கள். சவ்வு இருந்தும் உரிக்க வராவிட்டால் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அதற்காக அழ வேண்டியதில்லை.

தொங்கும் கொழுப்புத் திட்டுகள் இருந்தால் வெட்டி எறியுங்கள். மெல்லிய கொழுப்பு இருக்கட்டும், உருகிவிடும்.

உப்பும் பொடியும்

ஒரு செயின்ட் லூயிஸ் பாளத்துக்கு, அதாவது சுமார் மூன்று பவுண்டுக்கு, தூள் உப்பு குவியாமல் 1 தேக்கரண்டி. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் கோஷர் உப்பு என்று இருக்கும். அது பரல் பரலாக இருப்பதால் அதே கரண்டியில் எடை குறைவாக நிற்கும். டைமண்ட் கிரிஸ்டல் உப்பாக இருந்தால் ஏறக்குறைய 2 தேக்கரண்டி, மார்ட்டன் கோஷர் என்றால் 1¼. ஒரு குறிப்பில் கோஷர் என்று இருப்பதைப் பார்த்து அதே அளவு தூள் உப்பைக் கொட்டினால் சாப்பிட முடியாது. அமெரிக்கக் குறிப்புகளை வைத்துச் சமைக்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

உப்பை மட்டும் முந்தின இரவே இரண்டு பக்கமும் தூவி, ட்ரேயில் மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. உப்பு முதலில் நீரை இழுக்கும், பிறகு அந்த நீரிலேயே கரைந்து உள்ளே இறங்கும். மற்ற மசாலா எதுவும் அப்படி ஆழமாக இறங்காது, மேலேயே நிற்கும். எனவே மசாலாவை இரவெல்லாம் ஊறவைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரம் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூவி அப்படியே ஓவனில் வைத்தாலும் சாப்பாடு கெட்டுப்போகாது.

பொடிக்கு: பிரவுன் சுகர் 2 மேசைக்கரண்டி, பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி) 1 மேசைக்கரண்டி, ஸ்மோக்டு பாப்ரிகா 1 தேக்கரண்டி, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகுத்தூள் மூன்றும் தலா 1 தேக்கரண்டி, சீரகத்தூள் அரை, மிளகாய்த்தூள் அரை. ஸ்மோக்டு பாப்ரிகாவை விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினின் லா வேரா பகுதியில் மிளகாயை ஓக் கட்டைப் புகையில் உலர்த்தி அரைப்பது அது. நம் ஓவனுக்குள் புகை வாசனை வருவதென்றால் பெரும்பாலும் அதிலிருந்துதான். மிளகாய்த்தூள் என்று நான் சொல்வது நம் ஊர்க் கடையில் கிடைப்பதை. அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது சீரகம், ஆரிகனோ, பூண்டு எல்லாம் கலந்த மசாலா, காரம் குறைவு. அது வீட்டில் இருந்தால் 2 தேக்கரண்டி போட்டுச் சீரகத்தை விட்டுவிடலாம்.

பாளத்தின்மேல் மஸ்டர்ட் சாஸை மிக மெல்லியதாகத் தடவிக்கொண்டால் பொடி நன்றாக ஒட்டும். வெந்தபின் கடுகு வாடை தெரியாது. பொடியைத் தூவி உள்ளங்கையால் அழுத்துங்கள், போட்டுத் தேய்க்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு எலும்புப் பக்கம், மீதி சதைப் பக்கம்.

ஓவன்

முதலில் உள்ளே அடுக்கியிருக்கும் கடாய், தோசைக்கல், பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் மூடி உருகி ஓவனின் அடியில் ஒட்டிக்கொண்டால் ஒரு வாரம் வீடு நாறும்.

275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள், செல்சியஸில் 135. சூடேறிவிட்டது என்று ஓவன் கூவியதும் உடனே நம்பாமல் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். வீட்டு ஓவன்கள் காட்டும் சூட்டுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 25 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் வகையாக இருந்தால் 250 போதும்.

பாளத்தைச் சதைப் பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு அடுக்கு ஃபாயிலில் வைத்து, ஓரங்களை மடித்து, காற்றுப் போகாமல் பொட்டலம் கட்டுங்கள். மடிப்பு மேல் பக்கம் இருக்கட்டும். அடியில் இருந்தால் சாறு எல்லாம் ட்ரேயில் வடிந்துவிடும். எலும்பு நுனி ஃபாயிலைக் குத்திக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இறைச்சியே விடும் சாறு போதும். சிலர் முதலில் தண்ணீரில் வேகவைத்துவிட்டு ஓவனுக்குக் கொண்டுவருவார்கள். சீக்கிரம் வெந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் சுவை முழுக்க அந்தத் தண்ணீரோடு சிங்கில் போய்விடும். ரிப்ஸ் சூப் வேண்டுமானால் அப்படிச் செய்யுங்கள்.

ட்ரேயில் வைத்து நடுத் தட்டில் ஏற்றுங்கள். செயின்ட் லூயிஸ் கட் என்றால் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம், பேபி பேக் என்றால் இரண்டிலிருந்து இரண்டரை. சின்ன மேசை ஓவன் வைத்திருப்பவர்கள் பாளத்தை இரண்டாக வெட்டி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைக்கலாம். நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை.

பன்றி இறைச்சிக்குப் பாதுகாப்பான உட்சூடு 145 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. ரிப்ஸ் அந்தச் சூட்டைச் சீக்கிரமே தொட்டுவிடும். ஆனால் அப்போது எடுத்துக் கடித்தால் பல் வலிக்கும். விலாப் பகுதி சதையில் இணைப்புத் திசு அதிகம். அதில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாற 195, 200 டிகிரிவரை சூடு ஏறி, அதற்கான நேரமும் கிடைக்க வேண்டும். ஆட்டுக்கால் பாயா ஆறினதும் கெட்டியாக உறைந்து நிற்குமே, அதே சமாச்சாரம்தான் இங்கே சதைக்குள்ளேயே நடக்கிறது. சூட்டைக் கூட்டினால் இந்த மாற்றம் அந்த அளவுக்கு வேகமாக நடக்காது. வெளிச்சதை வறண்டுபோவதுதான் மிச்சம். அதனால் பசிக்கிறது என்று 400க்குத் திருப்பாதீர்கள். அவசரம் என்றால் 300 டிகிரி வரை போகலாம், அரை மணி நேரம் மிச்சமாகும்.

காத்திருக்கும் நேரத்தில் சாஸ்

கடையில் வாங்கிய சாஸும் நன்றாகவே இருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் செய்தால் தித்திப்பை நம் வாய்க்குக் குறைத்துக்கொள்ளலாம் என்பதுதான் லாபம். கெட்சப் 1 கப், ஆப்பிள் சைடர் வினிகர் கால் கப், பிரவுன் சுகர் 2 மேசைக்கரண்டி, மொலாசஸ் 1 மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷையர் சாஸ் 1 மேசைக்கரண்டி, மஸ்டர்ட் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் அரை அரை. சின்னப் பாத்திரத்தில் கலந்து, குறைந்த தீயில் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கெட்டியாக ஆக ஆகத் தெறிக்கும், மூடியைச் சாய்த்து வையுங்கள். மொலாசஸ் இல்லையென்றால் வெல்லப்பாகு ஊற்றலாம், ஏறக்குறைய அந்தக் கருமையான வாசனை வந்துவிடும். வினிகர் முதலில் மூக்கில் ஏறுவது போல் இருக்கும். கொதித்தபின் அடங்கிவிடும் என்பதால் முன்கூட்டியே குறைக்க வேண்டாம்.

லிக்விட் ஸ்மோக் என்று சின்ன பாட்டில் ஒன்று கடையில் இருக்கும். செயற்கை வாசனை என்று பலர் ஒதுக்குகிறார்கள். கட்டை எரியும் புகையைக் குளிர்வித்து நீராக்கி வடிப்பதுதான் அது. 1895இல் கன்சாஸ் சிட்டியில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக்கடைக்காரர் விற்க ஆரம்பித்தது. சாஸில் கால் தேக்கரண்டி ஊற்றலாம். அதற்குமேல் போனால் வீடு தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும்.

வெந்துவிட்டதா

இரண்டரை மணி நேரம் கழித்துப் பொட்டலத்தை வெளியே எடுங்கள். ஃபாயிலை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே அடைபட்டிருக்கும் நீராவி கையைப் பொசுக்கிவிடும். முதலில் எலும்பு நுனிகளைப் பாருங்கள். சதை பின்வாங்கி, அரை அங்குலம் போல எலும்பு வெளியே தெரிந்தால் நல்ல அறிகுறி. அடுத்து பல்குச்சி ஒன்றை எலும்புகளுக்கு நடுவே உள்ள சதையில் குத்துங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முட்டி நின்றால் மறுபடி மூடி இருபது நிமிடம் வையுங்கள். மூன்றாவதாக, இடுக்கியால் பாளத்தை ஒரு முனையில், மூன்று எலும்பு உள்ளே வரும்படி பிடித்துத் தூக்குங்கள். மறுமுனை நன்றாக வளைந்து தொங்கி, மேல் சதையில் விரிசல் விடத் தொடங்கினால் பதம் சரி. பலகைபோல விறைப்பாக நின்றால் பதம் வரவில்லை. இரண்டாகப் பிய்ந்து விழுந்தால் தாண்டிவிட்டது. தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் சதையில் குத்திப் பார்த்து 195க்கும் 203க்கும் நடுவே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்பிலிருந்து தானாக உதிர்ந்து விழுவதுதான் சிறந்த ரிப்ஸ் என்று உணவக விளம்பரங்கள் சொல்கின்றன. பார்பிக்யூ போட்டி நடுவர்களைக் கேட்டால் அது அதிகம் வெந்தது என்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் சதை சுத்தமாக வர வேண்டும், பக்கத்துச் சதை எலும்பிலேயே இருக்க வேண்டும். அதுதான் அவர்கள் கணக்கு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உதிரும் பதம் பிடித்தவர்கள் இன்னும் அரை மணி நேரம் விட்டுச் சாப்பிடுங்கள், உங்கள் வீட்டுக்கு எந்த நடுவரும் வரப்போவதில்லை.

கடைசிப் பத்து நிமிடம்

மூன்று மணி நேரத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். இப்போது அதை விட்டுப் போகக் கூடாது.

ஃபாயிலில் தேங்கிய சாறை ஒரு கிண்ணத்தில் வடித்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளிவிட்டு, கீழே இருக்கும் சாற்றில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாஸில் கலந்தால் சாஸின் சுவையே வேறு. உப்பாக இருக்கும், கலக்கியபின் ருசி பாருங்கள்.

ஓவனை 425 டிகிரிக்கு ஏற்றுங்கள். பாளத்தைத் திறந்த ஃபாயிலோடு ட்ரேயில் வைத்து, மேல்பக்கம் சாஸ் மெல்லியதாகத் தடவி ஐந்து நிமிடம், மறுபடி ஒரு பூச்சு, இன்னொரு ஐந்து நிமிடம். தடிமனாக ஒரே பூச்சு பூசினால் மேலே காய்ந்து அடியில் குழைவாக நிற்கும். இரண்டு மெல்லிய பூச்சுதான் பளபளப்பாகப் பிடிக்கும். அங்கங்கே கருக வேண்டும் என்றால் கடைசியாக பிராய்லரை (ஓவனின் மேல்கம்பிச் சூடு) போட்டு, ட்ரே மேல்கம்பியிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி இருக்கும்படி இரண்டு நிமிடம். கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நில்லுங்கள். சாஸில் சர்க்கரை அதிகம். குமிழ் விட்டுச் சிவப்பதற்கும் கரியாவதற்கும் நடுவே அரை நிமிடம்தான். மற்ற எல்லாம் நிதானமாக நடக்கிற இந்தச் சமையலில் தாளிப்பு மாதிரி அவசரம் வருவது இங்கேதான்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பிராய்லரைப் போடும் முன்பே எக்ஸாஸ்டை ஓடவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தாளிப்புக்கே அலறுகிற புகை அலாரம் இதற்குச் சும்மா இருக்காது.

எடுத்ததும் பத்து நிமிடம் ஆற விடுங்கள். பிறகு எலும்புப் பக்கத்தை மேலே திருப்பி வைத்து, எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டு எலும்புக்கு நடுவே கூரான கத்தியால் வெட்டுங்கள். சதைப் பக்கமிருந்து வெட்டினால் கத்தி எலும்பில் முட்டும், பூச்சும் கலையும்.

பக்கத்தில் என்ன வைப்பது? முட்டைக்கோஸ் கோல்ஸ்லா, வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி என்பது இங்கத்து வழக்கம். சாதாரண வெள்ளை பிரெட்டும் கொடுப்பார்கள், சாஸைத் துடைத்துச் சாப்பிட. முட்டைக்கோஸை மெலிதாக நறுக்கி உப்பு, வினிகர், கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பிசிறினாலே தித்திப்புக்கு மாற்றாக நன்றாக இருக்கும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு

மாட்டு விலா எலும்பில் பீஃப் பேக் ரிப்ஸ் என்பதை இதே முறையில் செய்யலாம்; மூன்றரை மணி நேரம் வரை ஆகும், சர்க்கரையைப் பாதியாக்கி மிளகைக் கூட்டுங்கள். மாட்டு இறைச்சிக்குத் தித்திப்பு அவ்வளவாகச் சேராது, டெக்சாஸில் உப்பும் மிளகுமே போதும் என்பவர்கள் நிறையப் பேர். ஆட்டு விலா என்றால் செம்மறியாட்டில் கொழுப்பு அதிகம்; ஃபாயிலில் தேங்குவதை நடுவில் ஒரு முறை வடித்துவிடுங்கள். இரண்டுக்கும் வெந்துவிட்டதா என்று பார்க்கும் முறை மேலே சொன்னதுதான், பல்குச்சிக்கு எந்த இறைச்சி என்று தெரியாது.

அடுத்த முறை, மிச்சம், கழுவல்

முதல் முறை செய்ததை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்: எந்தக் கட், எத்தனை பவுண்டு, எவ்வளவு உப்பு, எத்தனை மணிக்கு வைத்து எத்தனை மணிக்கு எடுத்தது. அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உப்பும் நேரமும் சாஸும் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது, எது தூக்கிவிட்டது என்று தெரியாது. நாலைந்து முறைக்குப் பிறகு ஃபாயில் இல்லாமல் திறந்தே வேகவைத்துப் பாருங்கள். நேரம் கூடும், கொஞ்சம் வறளும் அபாயம் உண்டு, ஆனால் மேல்தோல் கருமையாக, அழுத்தமாக வரும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சூடு பண்ண மைக்ரோவேவைவிட ஃபாயிலில் சுற்றி 250 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது நல்லது. எனக்குப் பிடித்தது வேறு: சதையை எலும்பிலிருந்து உதிர்த்து, கடாயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, அதில் போட்டு இரண்டு பிரட்டு. அந்தச் சாஸ் அடியில் பிடித்து முறுகும்போது எடுத்துச் சூடான சாதத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ட்ரேயை ஆறுவதற்குள் வெந்நீரும் சோப்பும் ஊற்றி ஊற வையுங்கள். சர்க்கரை காய்ந்து இறுகிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அள்ளிவைத்த கொழுப்பை மட்டும் சிங்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். பழைய டப்பாவில் ஊற்றி, உறைந்தபின் குப்பையில் போட்டுவிடுங்கள்.